வானவீரரின் உள்ளப் புண்

யுத்தம் மூண்டால் முதலில் கணக்கெடுக்கப்படுவது விமானம். எதிரியின் விமானங்கள் இத்தனை வீழ்ந்தன, நமது விமானங்கள் இத்தனை திரும்பவில்லை என்று இரு தரப்புச் சர்க்கார்களும் போட்டியிட்டு அறிக்கை விடுகின்றன. 2025 ஆம் வருஷம் மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதியபோது இந்தக் கணக்கைப் பற்றி எழுந்த வாதம், சண்டை நின்ற பின்னும் ஓயவில்லை. எந்த விமானம், எந்த ஏவுகணை, எவ்வளவு தூரத்திலிருந்து என்பதையெல்லாம் வீதியில் நின்றோரும் பேசினர். அந்த விமானங்களுக்குள் அமர்ந்திருந்த மனிதர்களின் உள்ளம் என்ன பாடுபட்டது என்று கேட்டவர் அரியர். அந்தக் கேள்வியையே இன்று நமது நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

இது இரக்கத்தின்பாற்பட்ட கேள்வி மட்டுமன்று, ராஜீயக் கேள்வியுமாகும். சண்டை விமானியைப் பயிற்றுவிப்பதும், போருக்கு அனுப்புவதும், வென்று திரும்பினால் பதக்கம் சூட்டுவதும் சர்க்கார். அவன் மனம் முறிந்துபோனால் அதற்குப் பெயரிடுவதும் சர்க்காரே. அந்தப் பெயர் நோய் என்பதா, கோழைத்தனம் என்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவ்வாறு உபயோகிக்கப்பட்டது என்பதைச் சென்ற நூறு வருஷத்துச் சரித்திரம் நன்கு காட்டுகிறது.

இரு பகைவர்

முதல் உலக யுத்தத்தில், அகழிகளின் சேற்றில் லட்சக்கணக்கானோர் பெயரின்றி மடிந்துகொண்டிருந்தனர். ஜனங்களுக்கு எடுத்துக் காட்டுவதற்குப் பெயருள்ள வீரர் சிலர் வேண்டியிருந்தது. வானத்தில் தனித்துப் போர் புரிந்த விமானிகள் அதற்கு வாய்த்தனர். எத்தனை விமானங்களை ஒருவர் வீழ்த்தினார் என்ற எண்ணிக்கை அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் அவர்களைப் பழைய காலத்துக் குதிரைவீரர்களாக வருணித்தன. அந்த வருணனைக்குப் பின்னாலிருந்த மனிதர்களோ வேறாக இருந்தனர்.

ஜெர்மனியில் மான்பிரெட் வான் ரிக்தோபன் 80 விமானங்களை வீழ்த்தினார். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சிறு வெள்ளிக் கிண்ணம் செய்வித்துச் சேர்த்து வந்தார். வெள்ளிக்குப் பஞ்சம் வந்தபோதுதான் அவ்வழக்கம் நின்றது. 1917 ஆம் வருஷம் ஜூலை மாதம் 6ந் தேதி அவர் தலையில் குண்டு பாய்ந்தது. காயம் முற்றும் ஆறுமுன்னரே அடுத்த மாதம் மறுபடியும் பறந்தார். அதன் பின் அவர் பழைய மனிதராக இல்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மனம் சோர்ந்து, அறைக்குள் சென்று யாரையும் காண விருப்பமின்றிக் கிடப்பதாகவும், தாம் முன்னர் எழுதிய சுயசரிதையின் இறுமாப்பான தொனி இப்பொழுது தமக்கே பிடிக்கவில்லை என்றும் எழுதி வைத்தார். 1918 ஏப்ரல் 21ந் தேதி, 25 வயதில், சுடப்பட்டு இறந்தார். அவரைப் பூர்ண ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தவர் பகைவர் தரப்பிலிருந்த ஆஸ்திரேலியர்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எட்வர்டு மானக். இந்தியாவில் பணிபுரிந்த சிப்பாய் ஒருவரின் மகன். சிறு வயதில் சில காலம் இந்நாட்டிலே வளர்ந்தவர். தொழிற்கட்சிக் கொள்கையினர், அயர்லாந்தின் சுயாட்சிக்கு ஆதரவாளர். ஜெர்மானியரைப் பற்றிய பேச்சில் அவரைப்போல் கடுமை காட்டியவர் அரிது. ரிக்தோபன் இறந்த செய்தி வந்தபோது அந்தப் பகைவருக்கு மரியாதை செய்ய மறுத்துவிட்டார். ஆயினும் 1917 இல் தாம் வீழ்த்திய விமானம் ஒன்றை நேரில் சென்று பார்த்தபோது, மாண்ட விமானியின் அருகே அவனுடைய சிறு நாயும் செத்துக் கிடந்தது. தம்மைக் கொலைகாரனாகவே உணர்ந்ததாக மானக் அன்று தம் நாட்குறிப்பில் எழுதினார். தீயில் வெந்து சாவதைக் குறித்து அவருக்கு ஓயாத பீதி இருந்தது. விமானம் தீப்பற்றினால் சுட்டுக்கொண்டு இறப்பதற்கென்றே கைத்துப்பாக்கி ஒன்றை உடன் கொண்டு பறந்தார். 1918 ஜூன் மாதத்தில் விடுமுறையில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது உடல் நடுங்கித் தேம்பி அழுதார். அடுத்த மாதம் அவரை ஒரு படைப்பிரிவுக்குத் தலைவராக்கி மறுபடியும் போர்முனைக்கு அனுப்பினார்கள். ஜூலை 26ந் தேதி தரையிலிருந்து சுடப்பட்டு, தாம் அஞ்சியபடியே எரியும் விமானத்தோடு வீழ்ந்தார். உயர்ந்த பதக்கமாகிய விக்டோரியா சிலுவை, இறந்த மறு வருஷம் அவர் பெயருக்கு வந்தது.

ஒருவர் பிரபு வம்சத்தவர். மற்றவர் சிப்பாயின் மகன். ஒருவர் பேரரசருக்காகப் போர் புரிந்தார், மற்றவர் மன்னருக்காக. உள்ளத்தில் பட்ட அடி இருவருக்கும் ஒன்றே. 44 விமானங்களை வீழ்த்திப் பிரிட்டன் முழுவதும் புகழ்பெற்ற ஆல்பர்ட் பால் 20 வயது இளைஞர். கொல்வதற்காகவே உயிர் வாழ்வது சலித்துவிட்டதென்றும், தாம் கொலைகாரனாகிவிட்டதுபோல் தோன்றுகிறதென்றும் வீட்டுக்கு எழுதிய அவர், 1917 மே 7ந் தேதி மாண்டார். கொலைகாரன் என்ற சொல்லை இவர்கள்மீது சாட்டியவர் பகைவரல்லர். தத்தமக்குத் தாமே சாட்டிக்கொண்டனர்.

இந்தப் பட்டியலில் நம் நாட்டவரும் உண்டு. கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1917 இல் பிரிட்டிஷ் ஆகாயப்படையில் சேர்ந்தார். அவ்வருஷம் டிசம்பரில் விமானம் நொறுங்கிப் படுகாயமுற்றார். பறக்கத் தகுதியற்றவர் என்று வைத்தியர்கள் தள்ளியும், விடாது மன்றாடி மறுபடியும் முனைக்குச் சென்றார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை 13 நாட்களில் 10 வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின; 22ந் தேதி இறந்தார்; வயது 19. அவருக்கு வழிகாட்டியாக இருந்த மக்எல்ராய் அதே மாதம் 31ந் தேதி மாண்டார். மக்எல்ராய்க்குத் தொழில் கற்பித்த மானக் இடையே 26ந் தேதி வீழ்ந்ததை மேலே கண்டோம். ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் மூவரும் பத்து நாட்களுக்குள் முடிந்தனர். பலூனிலிருந்து வேவு பார்த்தோருக்குப் பாரசூட் கொடுத்த பிரிட்டிஷார், தம் விமானிகளுக்கு யுத்தம் முடியுமட்டும் அதைக் கொடுக்கவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

நீலகிரியை அறிந்த வைத்தியர்

இந்த நோயை ஆராய்ந்தவர்களுள் முதன்மையான ஒருவர் ரிவர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர். தமிழ்நாட்டார்க்கு அவர் முற்றும் அந்நியரல்லர். 1901-1902 இல் நீலகிரிக்கு வந்து தோடரிடையே ஆராய்ச்சி செய்து, 1906 இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர் அவரே. யுத்தகாலத்தில் மனம் முறிந்த அதிகாரிகளுக்குச் சிகிச்சை செய்த அவர், 1917 இன் இறுதியில் விமானப்படையினருக்கான லண்டன் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார்.

அங்கே அவர் கண்டது கவனிக்கத்தக்கது. விமானத்தை ஓட்டுவோரைக் காட்டிலும், அவரோடு அமர்ந்து வேவு பார்ப்போரிடம் மனநோய் அதிகம். எல்லாரினும் அதிகம், கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் தொங்கிக்கொண்டு வேவு பார்த்தவர்களிடம். இதற்கு ரிவர்ஸ் கூறிய காரணம்: ஆபத்தில் கைகளுக்குச் செய்வதற்கு ஒரு வேலையிருந்தால் மனம் தாங்குகிறது, செய்வதற்கொன்றுமின்றிக் காத்திருக்க நேர்ந்தால் முறிகிறது. ஓட்டுபவன் திரும்பலாம், ஏறலாம், இறங்கலாம், சுடலாம். பலூனில் இருப்பவன் தன்னை நோக்கி வரும் குண்டைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும். ஆகவே, மனத்தை உடைப்பது ஆபத்து மட்டுமன்று, ஆபத்தின் முன் கையற்று நிற்பதுமே.

மேலே கண்ட விமானிகளின் வரலாறு இன்னொன்றையும் கூறுகிறது. பால், மானக், ரிக்தோபன் ஆகியோர் கைகட்டி நின்றவரல்லர், வல்லமையின் உச்சியிலிருந்தவர்கள். அவர்களை வருத்தியதில் ஒரு பகுதி தமக்கு வரக்கூடிய மரணம். மற்றொரு பகுதி தாம் பிறர்க்குத் தந்த மரணம். முன்னதை அச்சத்தின் புண் என்றும் பின்னதைச் செயலின் புண் என்றும் கூறலாம். விழுப்புண்ணைப் போற்றிய மொழி நம்முடையது. நெஞ்சில் தைத்த வேலைக் கொண்டாடினோம். நெஞ்சுக்குள் தைத்ததை எண்ணிப் பார்த்தோமில்லை.

கோழை என்ற முத்திரை

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது இந்த அறிவெல்லாம் கையிலிருந்தது. ஆயினும் சர்க்கார்கள் செய்தது என்ன? 1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆகாயப்படை ஓர் ஏற்பாடு வகுத்தது. உடற்காயமோ, வைத்தியர் ஒப்பும் நோயோ இன்றிப் பறக்க முடியாது என்பவனை ‘மனத்திண்மை அற்றவன்’ என்று வகைப்படுத்தினர். அவன் சட்டையிலிருந்த விமானிச் சின்னம் பறிக்கப்பட்டது. குண்டு வீசும் விமானங்களில் சென்றோரே இதில் பெரும்பாலும் சிக்கினர். சண்டை விமானிகளும் இதற்கு விலக்கல்லர். பல முறை பகைவர் நாட்டின்மீது பறந்து திரும்பியவனும் ஒரு நாள் முடியாது என்றால், முன்னைய நாட்களெல்லாம் அழிந்துபோயின. நோயுற்றோரைத் திருத்துவது இதன் நோக்கமன்று. மற்றவர்களை அச்சுறுத்துவதே நோக்கம்.

அதே வருஷத்துக் கோடையில் இங்கிலாந்தின் வானத்தில் நடந்த போரில் 544 பிரிட்டிஷ் தரப்பு விமானப்படையினர் உயிர்நீத்தனர். விமானத்தளத்தில் நாற்காலியில் அமர்ந்து டெலிபோன் மணிக்காகக் காத்திருந்த நேரமே பறந்த நேரத்தினும் கொடியது என்று உயிர் பிழைத்தோர் பலர் பின்னர் கூறினர். மணியோசை கேட்டவுடன் வாந்தியெடுத்தவர் உண்டு. யுத்தம் முடிந்து பல்லாண்டு கழிந்தும் அவ்வோசைக்குத் திடுக்கிட்டவர் உண்டு. ரிவர்ஸ் பலூன்காரரிடம் கண்டதே இங்கும் நிகழ்ந்தது.

கால்வாயின் மறுகரையில் ஜெர்மன் விமானிகளுக்கு வேறொரு துன்பம். அவர்களுடைய மெஸ்ஸர்ஷ்மிட் விமானம் லண்டன்மீது பத்து நிமிஷ அளவே போரிடப் பெட்ரோல் கொள்ளும். எண்ணெய் தீர்ந்ததென்று சிவப்பு விளக்கு எரியும்போது கீழே இருப்பது குளிர்ந்த கடல். வயிற்றுவலி, வாந்தி, உணவில் வெறுப்பு, எரிச்சல் என்று வந்த இந்த நோய்க்குக் ‘கால்வாய் நோய்’ என்று அவர்களே பெயரிட்டுக்கொண்டனர். பிரிட்டிஷார் தம் சண்டை விமானிகளுக்குப் போர்ப்பறப்பில் ஒரு மணிக்கணக்கு வைத்து, அது முடிந்ததும் ஓய்வு கொடுத்தனர். ஜெர்மானியரும் ஜப்பானியரும் அதுவும் செய்யவில்லை. சாவு, ஊனம், சிறை, யுத்த முடிவு இவற்றில் ஒன்று வரும்வரை பறக்க வேண்டியதே.

எர்னஸ்ட் உதெட் என்பவரின் முடிவும் இங்கே எண்ணத்தக்கது. முதல் யுத்தத்தில் 62 விமானங்களை வீழ்த்தியவர். 1917 இல் தமது துப்பாக்கி சிக்கிக்கொண்டபோது, பிரெஞ்சு வீரர் கினெமேர் அதைக் கண்டு, சுடாமல் கையசைத்துச் சென்றார் என்று அவரே கூறியுள்ளார். நாஜி ஆட்சியில் ஆகாயப்படையின் பெரிய உத்தியோகத்தில் அமர்த்தப்பட்டார். மதுவும் மனச்சோர்வும் மேலிட, தோல்விகளுக்கெல்லாம் பொறுப்பு தம் தலையில் சுமத்தப்பட, 1941 நவம்பர் 17ந் தேதி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். புதிய ஆயுதம் ஒன்றைச் சோதிக்கையில் விபத்தில் இறந்தார் என்று சர்க்கார் அறிவித்து, ராஜமரியாதையுடன் அடக்கம் செய்தது. மனம் முறிந்தவனை ஒரு சர்க்கார் கோழையென்றது. மற்றொரு சர்க்கார் பொய் சொல்லி வீரனாக்கிற்று. உண்மையை ஒப்புக்கொள்ள இரண்டும் இசையவில்லை.

நம் வானத்தில் நிகழ்ந்தது

செயலின் புண் எத்தனை வருஷம் ஆறாதிருக்கும் என்பதற்கு நம் எல்லையிலேயே சான்று உண்டு. 1965 ஆம் வருஷம் செப்டம்பர் 19ந் தேதி, குஜராத் முதன்மந்திரி பல்வந்தராய் மேத்தா, மனைவியாருடனும் உதவியாளருடனும் சிறு விமானமொன்றில் கட்ச் பகுதியில் சென்றுகொண்டிருந்தார். ஓட்டியவர் ஜஹாங்கீர் எஞ்ஜினீர். பாகிஸ்தான் ஆகாயப்படையின் இளம் விமானி கைஸ் ஹுசேன் அதைக் கண்டு, சாதாரணப் பிரயாண விமானம் என்று தரைநிலையத்துக்கு அறிவித்தார். அவ்விமானம் இறக்கைகளை அசைத்து இரக்கம் வேண்டிற்று. சில நிமிஷங்களில் சுட்டு வீழ்த்தும்படி உத்தரவு வந்தது, சுட்டார். எண்மரும் இறந்தனர். அவ்விமானத்தில் இருந்தவர் யார் என்பதைப் பின்னர் வானொலிச் செய்தியால் அறிந்தார்.

நாற்பத்தாறு வருஷங்கள் கழிந்து, 2011 இல், ஹுசேன் அந்த இந்திய விமானியின் மகளைத் தேடிக் கண்டு கடிதம் எழுதினார். உத்தரவுக்குப் பணிந்தே செய்ததாகவும், இழந்த உயிர்களுக்காக வருந்துவதாகவும் தெரிவித்தார். தந்தையை இழந்த அவ்வம்மையார் கசப்பின்றிப் பதில் எழுதினார்; யுத்தமென்னும் கொடிய ஆட்டத்தில் நாம் எல்லோரும் காய்களே என்ற கருத்தை அதில் வெளியிட்டார். இரண்டு சர்க்கார்களும் அரை நூற்றாண்டாகச் செய்யாததை இரண்டு தனி மனிதர் செய்தனர். உத்தரவிட்டோரின் பெயர்கள் அக்கடிதப் போக்குவரத்தில் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உத்தரவு மேலிருந்து வருகிறது. அதன் பாரமோ விசையை அழுத்திய விரலிலேயே தங்கிவிடுகிறது.

2019 பிப்ரவரியில் நமது விமானி அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தான் பக்கத்தில் வீழ்ந்து, ஜனக்கூட்டத்தால் தாக்கப்பட்டுச் சிறைப்பட்டு, மார்ச் 1ந் தேதி திரும்பியபோது தேசமே ஆரவாரித்தது. அவரது மீசையைப் போல் மீசை வைத்துக்கொண்டோர் பலர். அன்பு போலியன்று. ஆயினும் மீசையைப் பின்பற்றுவது எளிது. சிறைப்பட்டவனின் இரவுகளைப் பற்றி எண்ணுவது அரிது.

இன்றைய நிலைமை

இப்பொழுது விமானிகள் ஒருவரையொருவர் காண்பதேயில்லையே, கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்தல்லவா ஏவுகணை விடுகிறார்கள், ஆகையால் மனவேதனை குறைந்திருக்குமே என்று சிலர் கேட்கலாம். அனுபவம் அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் அறைக்குள் அமர்ந்து, ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் ஆளில்லா விமானங்களைச் செலுத்துவோர், மாலையில் வீடு திரும்பிக் குழந்தைகளோடு உணவருந்துகிறார்கள். அவர்கள் உயிருக்கு அங்கே ஆபத்தேயில்லை. ஆயினும் 2013 இல் வெளிவந்த அமெரிக்க ராணுவச் சுகாதார ஆராய்ச்சியொன்று, அவர்களிடம் காணப்பட்ட மனநோயின் அளவு, வானில் பறப்போரிடம் காணப்பட்டதினின்று பெரிதும் வேறுபடவில்லை என்று கண்டது. அச்சத்தின் புண்ணை இயந்திரம் விலக்கலாம். செயலின் புண்ணை விலக்காது. முன்னாளில் பகைவன் ஒரு கணம் தோன்றி மறைந்தான். இன்றோ, கொல்லப்படவேண்டியவனை நாட்கணக்கில் திரையில் பார்த்திருந்து, பிறகு கொன்று, கொன்றதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வாறு பேசினால் படையின் உறுதி தளரும் என்பது பழைய ஆட்சேபம். 1940 ஆம் வருஷத்து ஏற்பாட்டுக்கும் அதுவே நியாயமாகக் கூறப்பட்டது. நாம் அதை ஒப்பவில்லை. தன் நோயைச் சொன்னால் தொழில் போய்விடும் என்று அஞ்சுகிறவன் சொல்லமாட்டான், சொல்லாமலே பறப்பான். கை நடுங்கும் ஒருவன் கோடிக்கணக்கான ரூபாய் பெறும் விமானத்தை ஓட்டுவது படைக்குப் பலமா? மானக்கைத் தேம்பியழுத மறுமாதம் முனைக்கு அனுப்பியதால் பிரிட்டனுக்குக் கிடைத்தது ஒரு பதக்கத்துக்குரிய பிணம். காலத்தே ஓய்வு கொடுத்திருந்தால், பல இளைஞருக்குப் பயிற்சியளிக்கத்தக்க ஆசிரியர் ஒருவர் எஞ்சியிருப்பார்.

ஆகவே நாம் வேண்டுவன சில. மனநோயைத் தெரிவிக்கும் விமானி அக்காரணத்தாலேயே பறக்கும் தகுதியை என்றென்றைக்கும் இழந்துவிடலாகாது. ஓய்வும் சிகிச்சையும் பெற்றுத் திரும்பும் வழி விதிகளில் தெளிவாக எழுதப்படவேண்டும். போர்ப்பறப்பில் ஈடுபடுவோர்க்கு எல்லை வகுத்து, அவ்வெல்லையை மேலதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் காக்க வேண்டும். ஓய்வுபெற்ற பின் பல்லாண்டு கழித்து வெளிப்படும் நோயையும் போர்க்காயமாகவே மதித்து உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும். பார்லிமெண்டு அங்கத்தினர்கள் விமானங்களின் விலையைக் கேட்பதுபோல் விமானிகளின் நலத்தைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் ஒரு கடமை உண்டு. விமானச் சண்டையைக் கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப்போல் வெளியிடும் வழக்கம் ஒழியவேண்டும். வீழ்ந்த ஒவ்வொரு விமானத்திலும் நம்மைப்போன்ற ஒருவன் இருக்கிறான். வீழ்த்திய விமானத்திலும் ஒருவன் இருக்கிறான். இருவரையும் மறந்து எண்ணிக்கையை மட்டும் கொண்டாடும் தேசம், அடுத்த யுத்தத்துக்கு எளிதில் இசையும் தேசமாகிவிடும். தேசபக்தர்கள் தங்கள் வீரர்களுக்குச் செய்யத்தக்க முதல் தொண்டு, அவர்களை அவசியமின்றிப் போருக்கு அனுப்பாதிருப்பது. அனுப்பியே தீரவேண்டுமாயின், உடம்போடு உள்ளத்தையும் மீட்டுக் கொண்டுவருவது இரண்டாவது. இவ்விரண்டையும் செய்யாத சர்க்கார் எத்தனை பதக்கங்களை வழங்கினாலும் தன் கடனைத் தீர்த்ததாகாது.